அஞ்சறைப்பெட்டியில் இருந்த ரோட்டர்

கொடைக்கானலில் எங்கள் கடை இருந்த தெருவில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தால் அது பஜாரில் போய்த்தான் நிற்கும். அவ்வளவு சரிவு. அந்தச் சரிவில்தான் எங்கள் கார் நிற்கும். மூக்கு கீழ்நோக்கி இருக்கும், முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் கொடுத்திருக்கும். அந்தக் காலத்தில் அங்கே பழைய கார் வைத்து வாடகைக்கு ஓட்டியவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவார்கள். காலைக் குளிரில் எந்த வண்டியும் செல்ஃபில் எடுக்காது. முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும். கல்லை எடுத்துவிட்டு உருள விட்டு, கொஞ்ச தூரம் போனதும் கியரைப் போட்டால் இருமிக்கொண்டே உயிர் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கல் சொந்தமாக உண்டு. ஒருத்தர் கல்லை இன்னொருத்தர் எடுக்க மாட்டார்.

அந்தக் கார் மூன்று பேருக்குப் பொது. மூன்று பேர் என்றால் என் அண்ணன், என் தம்பி, என் வீட்டுக்காரர். நான் கணக்கில் கிடையாது. என் கழுத்துச் செயின் மட்டும் கணக்கில் உண்டு. கார் வாங்கும்போது அடகுக்குப் போன செயின் திரும்பி வரவேயில்லை. இதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம் என்று எழுதத்தான் வந்தேன். ஆனால் சொல்லிக் காட்டத்தான் செய்கிறேன்.

நாங்கள் பழனிக்காரர்கள். கோயில் ஊழியம் பார்த்த குடும்பம். அப்பா காலமான பிறகு அண்ணன் கொடைக்கானலுக்கு வந்து மளிகைக் கடை போட்டார். பங்களாக்களுக்கும் பள்ளிக்கூட விடுதிகளுக்கும் அரிசி, பருப்பு, சீனி எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போகும். தம்பி அவருக்கு ஒத்தாசை. என்னைக் கட்டியவர் பாச்சலூர்க்காரர், தூரத்துச் சொந்தம். காப்பித் தோட்டத்து லாரியில் வேலைக்கு ஏறி, அப்படியே வண்டி பழகியவர். அதிகம் பேச மாட்டார். பேச வேண்டிய இடத்திலும் பேச மாட்டார், அதுதான் எனக்கு அவரிடம் பிடிக்காதது. ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடமிருந்து அந்தப் பச்சைக் காரை மூவருமாக வாங்கினார்கள். ஓட்டுவது அவர் என்று பேச்சு. அண்ணி பிள்ளைகளின் படிப்புக்காகப் பழனியிலேயே தங்கிவிட்டதால், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் நாங்கள் நாலு பேரும் ஒன்றாகக் குடியிருந்தோம். அடுப்படி என் பொறுப்பு.

கார் என்றால் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். மழை பெய்தால் உள்ளேயும் கொஞ்சம் பெய்யும். ஒரு பக்கத்துக் கதவு கயிறு போட்டுக் கட்டியது. இன்னொரு பக்கத்துக் கதவு யார் இழுத்தாலும் திறக்கும். சாவி என்று ஒன்று இருந்தது, ஆனால் ஒரு ஒயரை இழுத்து இன்னொரு ஒயரோடு முறுக்கினால் சாவிக்கு வேலையில்லை என்பது டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். என்றாலும் சீசன் மாதங்களில் எங்கள் நாலு பேருக்கும் சோறு போட்டது அந்த வண்டிதான். கடை வருமானம் கடைக்கே சரியாக இருந்தது.

ஒரு சீசனில் ஏரிக்கரையில் நின்றிருந்த ஒரு மதுரைக்காரரின் கார் பட்டப்பகலில் காணாமல் போனது. கொஞ்ச நாள் கழித்து வத்தலக்குண்டுக்குக் கீழே வாய்க்கால் ஓரம் டயர் இல்லாமல் கிடந்ததாகச் சொன்னார்கள். அதிலிருந்து அண்ணனுக்கு நிம்மதி போயிற்று. தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் கடையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்ப்பார். முதலில் ஒரு சங்கிலி வாங்கி, வண்டியின் பின்பக்கத்தைத் தைல மரத்தோடு சேர்த்துப் பூட்டினார். மலை மழையில் பூட்டு துருப்பிடித்து, ஒருநாள் கல்யாணக் கோஷ்டி காத்திருக்கும்போது திறக்க முடியாமல், கொல்லரைக் கூப்பிட்டு வெட்ட வேண்டியதாயிற்று. பிறகு ஒரு நாய் வளர்த்தார். பன் ரொட்டி கொடுத்தவர்களுக்கெல்லாம் அது வாலாட்டியது. பூட்டையும் நாயையும் அவர் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

கடைசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த மெக்கானிக் ஒருவர் வழி சொன்னார். எஞ்சினில் ஒரு மூடியைத் திறந்தால் உள்ளே ரோட்டர் என்று ஒரு கறுப்புச் சாமான் இருக்கும். பெரிய நெல்லிக்காய் அளவுதான். ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதானாம்.

"இந்தச் சின்ன சாமானக் கழட்டி மடியில வச்சுக்கங்க மொதலாளி. எவன் வந்து என்ன சுத்து சுத்துனாலும் வண்டி மூச்சு விடாது. செத்த வண்டி," என்றார்.

வேறு யாராவது என்றால் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். நாங்கள் கோயில் ஊழியக்காரர்கள் அல்லவா. பழனியில் எங்கள் வகையறாவுக்கு ஒரு மண்டபம் உண்டு. அங்கே உற்சவ நகைப்பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று வீட்டில் இருக்கும். மூன்று வீட்டாரும் ஒன்றாக வந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். அப்பா அதில் ஒரு சாவியை ஆயுள் முழுக்க அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தவர். அண்ணன் காருக்கும் அதே முறையைக் கொண்டுவந்தார். சாவி அவரிடம். ஹேண்டில் தம்பியிடம். ரோட்டர் என் வீட்டுக்காரரிடம்.

சாயங்காலம் கடைசிச் சவாரி முடிந்ததும் மூன்று பேரும் வண்டிக்கு முன்னால் வந்து நிற்பார்கள். என் வீட்டுக்காரர் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, பானட்டைத் தூக்கி ரோட்டரைக் கழற்றுவார். தம்பி டிக்கியிலிருந்து ஹேண்டிலை எடுப்பான். அண்ணன் சாவியை உருவி, கற்பூரம் ஒன்றுதான் காட்டவில்லை, மற்றபடி சகல மரியாதையோடும் இடுப்பில் முடிவார். காலையில் இதே சடங்கு தலைகீழாக நடக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தினாலும் சாமான் மூன்றும் இறங்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

என் வீட்டுக்காரர் ரோட்டரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பார். நான் அதை எங்கே வைப்பேன்? அடுப்படியில் எனக்கென்று இருந்த ஒரே பத்திரமான இடம் அஞ்சறைப்பெட்டி. இழுத்து மூடுகிற பலகை போட்ட மரப்பெட்டி, என் கல்யாணத்துக்கு வந்தது. சீரகத்தை ஒரு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, அந்தக் குழியை ரோட்டருக்குக் கொடுத்தேன். ஒரு பக்கம் கடுகு, ஒரு பக்கம் மஞ்சள்தூள். ஒருநாள் அவசரத்தில் மஞ்சள் அதன்மேல் கொட்டிவிட்டது. நான் கவனிக்கவில்லை. அன்று காலை வண்டி உருண்டு உருண்டு பஜாருக்கே போன பிறகும் எடுக்கவில்லை. அவர் மூடியைத் திறந்து பார்த்து, வேட்டி முனையால் துடைத்து மாட்டிக்கொண்டு, சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னது ஒரே வரிதான்.

"வண்டிக்குத் தாளிச்சுட்ட போல."

அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அபூர்வம். நானும் சிரித்தேன். ரோட்டருக்கு ஒரு துணிப்பை தைத்துப் போட்டேன்.

எனக்கு மனதில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் அண்ணனுக்குச் சோறு போடும்போது கேட்டேன்.

"ஏண்ணே, திருடன் வெளியிலிருந்துதான வருவான்? அதுக்கு எதுக்கு நமக்குள்ள மூணாப் பிரிச்சு வச்சுக்கிறது? எல்லாத்தையும் நீங்களே வச்சுக்க வேண்டியதுதான?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "மண்டபத்துல மூணு சாவி எதுக்கு தாயி? நாளைக்கு ஒண்ணு கொறைஞ்சா ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்படக் கூடாதுல்ல. நம்பிக்கை கெடாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு."

அவர் சொன்னதில் வஞ்சகம் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அண்ணன் எதைச் சொன்னாலும் எனக்கு அப்போது சரியென்றுதான் படும்.

ஐப்பசியில், சீசன் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, அது நடந்தது. அன்று காலையிலிருந்தே மூடுபனி. மத்தியானம் ஒரு சவாரியை இறக்கிவிட்டு என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். வழக்கம்போல ரோட்டர் என் பெட்டிக்கு வந்தது. பூண்டுக் குழம்பு வைத்திருந்தேன். அண்ணன் கடையில் இருந்தார். தம்பி ஹேண்டிலைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் படுத்திருந்தான். கடை வாசலிலிருந்து பார்த்தால் எதிர்ச் சுவர் தெரியாத அளவுக்குப் பனி. என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் இருந்தபோது பனி கொஞ்சம் விலகியது. அந்நேரம் எழுந்து வாசலுக்குப் போன தம்பியின் குரல் கேட்டது.

"அண்ணே, வண்டியக் காணோம்."

எல்லோரும் ஓடினோம். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. எங்கள் கல் சாக்கடை ஓரத்தில் கிடந்தது. தம்பி பஜார் வரைக்கும் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அங்கேயும் இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை. அந்தப் பனியில் யானை போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

"போலீசுக்குப் போயிட்டு வரேன்," என்றான் தம்பி.

"பொறுடா," என்றார் அண்ணன். "வெளிய சொல்லுறதுக்கு முன்னால நமக்குள்ள தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கு. மூணு பேரும் சாமானக் கொண்டாங்க."

அவர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கடை மேசையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். தம்பி ஹேண்டிலைக் கொண்டுவந்து வைத்தான். என் வீட்டுக்காரர் எச்சில் கையோடு நின்றதால், நான்தான் பெட்டியைத் திறந்து ரோட்டரைப் பையோடு எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்தேன். அவர் பையைப் பிரித்து மேசையில் வைத்தார். மூன்றும் இருந்தன. மண்டபத்துக் கணக்குப்படி யாரையும் யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அண்ணன் அவற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். "சாவி இல்லாட்டி ஒயர முறுக்கி எடுத்துரலாம். ஹேண்டிலு எந்த வண்டியோடதும் சேரும். இது இல்லாம எப்படிப் போச்சு?"

"உருட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க மச்சான்," என்றார் என் வீட்டுக்காரர்.

"உருட்டுனா பஜாருல நிக்கணும்ல? அங்க இல்லையே."

தினமும் காலையில் அந்த வண்டியை உருட்டித்தான் எடுத்தோம். பஜாரைத் தாண்டினால் ரோடு இன்னும் கீழேதான் இறங்குகிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். இருந்தும், ரோட்டரைக் கழற்றினால் வண்டி செத்தது என்று நம்பி நம்பி, செத்த வண்டியும் சரிவில் போகும் என்பது அண்ணன் புத்தியில் ஏறவில்லை. அவ்வளவு சடங்கும் செய்து காத்த வண்டியை ஒருத்தன் ஒரு கல்லை உதைத்துத் தள்ளி எடுத்துப்போனான் என்றால், அந்தச் சடங்குக்கு என்ன அர்த்தம்? அதை ஒப்புக்கொள்வதைவிட வேறொன்றை நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். ரோட்டரை விரலால் உருட்டிப் பார்த்தபடி கேட்டார்.

"மாப்பிள்ளை, இது நம்ம வண்டி ரோட்டருதானா?"

குரலை உயர்த்தவில்லை. மரியாதை குறையவில்லை. வேறொன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, உண்மையானதை யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. தம்பி தரையைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் கேட்டது காதில் விழாதவர் போல நின்றார்.

"அண்ணே, அது ஒவ்வொரு நாளும் என் அஞ்சறைப்பெட்டியிலதான் கெடக்கு. நாந்தான் எடுத்து வைக்கிறேன், நாந்தான் எடுத்துக் குடுக்கிறேன். கேக்கறதா இருந்தா என்னக் கேளுங்க," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒன் வீட்டுக்காரருக்கு நீ பேசாம வேற யாரு பேசுவா. உள்ள போ."

அதுவரைக்கும் அவர் என்னைத் தாயி என்று கூப்பிடாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர். எனக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலை வீசியவர். அந்த ஒரு வாக்கியத்தில் என்னை அந்த வீட்டிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார். நான் தங்கச்சி இல்லை, டிரைவர் பெண்டாட்டி. என் சொல் சாட்சிக்குக் கூட ஆகாது. எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும், ஆத்திரம்தான். மேசையிலிருந்த ரோட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெட்டியில் போட்டுப் பலகையை இழுத்து மூடினேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து கையைக் கழுவினார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"கெளம்புங்க. பாச்சலூருக்குப் போயிருவோம்," என்றேன்.

"இப்பப் போனா நாமதான் எடுத்தோம்னு ஆயிரும். வண்டி கெடைக்கட்டும்."

"கெடைக்கலேன்னா?"

அவர் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. கார் கிடைக்கவில்லை என்றால் அவர் கடைசிவரைக்கும் திருடன்தான். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளை, வாங்க, உட்காருங்க என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒவ்வொரு கருமாதியிலும் அந்தப் பச்சைக் கார் எங்களுக்கு முன்னால் போய் நிற்கும். போலீசுக்கு அன்று யாரும் போகவில்லை. குடும்ப மானம் வெளியே போகக் கூடாது என்று அண்ணன் நினைத்தார். எடுத்தவன் சாவகாசமாகப் போக அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

மறுநாள் வெள்ளனே, முட்டைக்கோஸ் ஏற்ற வெறும் லாரியோடு கீழேயிருந்து வந்த டிரைவர் ஒருவர் கடை வாசலில் நிறுத்தினார். "ஒங்க பச்ச வண்டி செண்பகனூர் தாண்டி ரோட்டோரமா நிக்குது. பானட்டு தொறந்து கெடக்கு. பிரேக்டவுனா?" என்று கேட்டார்.

கீழே போகிற இன்னொரு லாரியில் மூன்று பேரும் ஏறினார்கள். நானும் ஏறினேன், அஞ்சறைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. கடுகும் மஞ்சளும் உள்ளே அப்படியே இருந்தன. தனியாக ரோட்டரை மட்டும் எடுக்க எனக்கு மனதில்லை.

"நீ எதுக்கு?" என்றார் அண்ணன்.

"ரோட்டரு என்கிட்டதான இருக்கு," என்றேன். அவர் நகர்ந்து இடம் விட்டார்.

வண்டி எங்கே நின்றது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலிருந்து பஜார், பஜாரிலிருந்து மலையிறங்குகிற காட் ரோடு, அங்கிருந்து செண்பகனூர் தாண்டும் வரைக்கும் ஒரே இறக்கம். அதற்கப்புறம் அருவிக்கு முன்னால் ஓர் இடத்தில் ரோடு கொஞ்சம் மேலே ஏறி மறுபடி இறங்கும். வண்டி சரியாக அந்த ஏற்றத்தின் அடியில் நின்றது. ஒரு முழம்கூட மேலே ஏறவில்லை. பானட் திறந்து கிடந்தது. சாவித் துளைக்குப் பின்னால் இருந்த ஒயர்களை இழுத்து முறுக்கியிருந்தார்கள். ரோட்டர் இருக்கும் மூடியைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே இருக்க வேண்டியது இல்லை என்று தெரிந்ததும், ஸ்டெப்னியையும் ஹாரனையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ரோட்டர் கையில் இருந்தவன் எடுத்திருந்தால் வண்டி அங்கே நின்றிருக்காது. ஏறி இறங்கி வத்தலக்குண்டைத் தாண்டிப் போயிருக்கும். இதை நான் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. அந்த ஏற்றத்தின் அடியில் நின்ற மூன்று பேருக்கும் அது தெரிந்தது. அண்ணன் ஏற்றத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு கீழே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் ஒயர்களைப் பிரித்துப் பழையபடி சேர்த்தார். என்னிடம் கையை நீட்டினார். நான் பலகையை இழுத்து, பையைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் ரோட்டரை மாட்டி மூடியைப் போட்டார். அண்ணன் சாவியைக் கொடுத்தார். தம்பி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. இரவெல்லாம் பனியில் நின்ற வண்டி எடுக்காமல் போகலாம், அது ரோட்டரின் குற்றமில்லை. ஆனால் எடுக்காவிட்டால் அண்ணன் மறுபடியும் அந்தக் கேள்விக்கே போய்விடுவாரோ என்று பயந்தேன். தம்பி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இன்னொரு தடவை சுற்றினான். வண்டி இருமியது, புகையைக் கக்கியது, ஓட ஆரம்பித்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டோரத்தில் பெட்டியை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

"ஏறுங்க மாப்பிள்ளை, வெரசாப் போயிருவோம். மழை வரும் போலருக்கு."

அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வண்டி அதே இடத்தில் நின்றது. கல் கொடுத்தாயிற்று. மூன்று பேரும் வந்து நின்றார்கள். அண்ணன் சாவியை இடுப்பில் முடியாமல் என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "இனிமே மூணும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அது. எனக்குப் புரிந்தது, என் வீட்டுக்காரருக்கும் புரிந்திருக்கும்.

"வேண்டாம் மச்சான்," என்றார் இவர். ரோட்டரைக் கழற்றி, அண்ணனின் கையிலேயே சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். "இதும் ஒங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதி. நாளைக்கு ஒண்ணுன்னா என்னக் கேக்க வேண்டி வராது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் ரோட்டரைக் கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்துவிட்டு வருவார். காலையில் அண்ணன் எடுத்துக் கொடுத்தால் மாட்டுவார். என் பெட்டியில் அந்தக் குழி காலியாகவே கிடந்தது. சீரகத்தைத் திரும்பப் போட எனக்குக் கை வரவில்லை. அடுத்த சித்திரைக்குள் நாங்கள் தாண்டிக்குடிக்குப் போய்விட்டோம். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அங்கே ஜீப் ஓட்டினால் பிழைக்கலாம் என்று சொல்லிக்கொண்டு போனோம். அண்ணன் பஸ் ஏற்றிவிட வந்தார்.

தாண்டிக்குடியில் என் வீட்டுக்காரர் ஒரு பழைய பட்டாளத்து ஜீப்பை வாங்கினார். அந்த ஜீப்புக்குச் சாவியே கிடையாது. ஒரு சுவிட்ச் உண்டு, திருப்பினால் ஓடும். யார் திருப்பினாலும் ஓடும். அதில் காப்பி மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு செங்குத்து ரோடுகளில் ஏறி இறங்கினார். சாயங்காலம் வீட்டு வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். எதையும் கழற்ற மாட்டார். நானும் கேட்டதில்லை.

அறுபதுகளின் நடுவில், எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, அண்ணன் ஒருநாள் வந்தார். அதற்கு முன் விசேஷங்களில் பார்த்ததுண்டு, வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பச்சைக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்று சொன்னார். கண் பார்வை கொஞ்சம் மங்கியிருந்தது. காப்பியைக் குடித்துக்கொண்டே வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது பழைய கவலை முகத்தில் வந்திருந்தது.

"சாவி இல்லாத வண்டிய இப்பிடித் தெருவுல போட்டு வச்சிருக்கீங்களே மாப்பிள்ளை. ரோட்டரையாவது கழட்டி வைக்கலாம்ல. எவனாச்சும் கொண்டு போயிட்டா?"

என் வீட்டுக்காரர் பிள்ளையை மடியில் வைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"போனா வண்டிதான மச்சான் போகும்."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா, மனதில் இருந்தது வெளியே வந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சொல்லுகிற ஆளும் இல்லை. அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, நான் இருந்த அடுப்படிக்கு வந்தார். பழனி வீட்டிலோ கொடைக்கானலிலோ அவர் அடுப்படிக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. வாசற்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தாயி," என்றார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு. "அன்னைக்கு அந்த ரோட்டரு எங்க இருந்துச்சு?"

எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. வேண்டும் என்றே கொஞ்ச நேரம் அவரை நிற்க வைத்தேன். நிற்கட்டும் என்றுதான் இருந்தது. அப்புறம் அஞ்சறைப்பெட்டியை எடுத்து, பலகையை இழுத்து, கடுகுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருந்த காலிக் குழியைக் காட்டினேன்.

"இதுலதாண்ணே இருந்துச்சு."

அவர் குனிந்து பார்த்தார். கண் சரியாகத் தெரியாததால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"சரி தாயி," என்றார்.

அவர் போன பிறகு, டப்பாவில் இருந்த சீரகத்தை அந்தக் குழியில் போட்டு மூடினேன்.